பழைய லென்ஸும் போர்க்காலப் படத்தின் தோற்றமும்

போர்க்காலப் புகைப்படங்களின் தோற்றத்தை இன்று மீண்டும் உருவாக்க முனைவோர் முதலில் தேடிப் போவது அந்தக் காலத்து லென்ஸை. வரலாற்றுத் திரைப்படங்களின் ஒளிப்பதிவாளர்கள், பழைய போர்களைச் சீருடையோடும் துப்பாக்கியோடும் நடித்துக் காட்டும் குழுக்களைப் படமெடுப்போர், பழைய முறைகளில் தோய்ந்த கலைஞர்கள் என எல்லாரிடமும் இந்தத் தேடல் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. 80 ஆண்டு கடந்த கேமராவின் திரைத்துணி கிழிந்திருக்கும், பற்சக்கரம் தேய்ந்திருக்கும். அக்காலத்து பிலிம் எங்குமே கிடைக்காது. லென்ஸ் மட்டும் இன்றைக்கும் அன்றுபோலவே ஒளியைக் குவிக்கும். ஆனால் அதை மாட்டியதும் 1944 வந்துவிடுவதில்லை. லென்ஸ், அதன் பின்னால் இருந்த தகடு அல்லது பிலிம், ஷட்டரின் வேகம், அச்சிட்ட விதம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஒரு போர்க்காலப் படத்துக்கு அதன் தோற்றத்தைத் தந்தன. இவற்றில் லென்ஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியாதவர்கள் எடுக்கும் படம், பழைய படத்தைப் போல இருக்காது. பழைய படத்தைப் பற்றிய இன்றைய கற்பனையைப் போலத்தான் இருக்கும்.

பூச்சில்லாத கண்ணாடி

காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும், கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வெளியேறும்போதும் ஒளியில் ஒரு பங்கு திரும்பிவிடுகிறது. பூச்சு எதுவும் இல்லாத பரப்பில் இந்த இழப்பு சுமார் 4 முதல் 5 சதவீதம். ஒரே பரப்பென்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கேமரா லென்ஸ் என்பது பல வில்லைகளின் அடுக்கு. சில வில்லைகள் ஒன்றோடொன்று பிசினால் ஒட்டப்பட்டிருக்கும்; ஒட்டிய இடத்தில் காற்று இல்லாததால் இழப்பு மிகக் குறைவு. எனவே எத்தனை பரப்புகள் காற்றைத் தொடுகின்றன என்பதே கணக்கு. பரப்புக்கு 5 சதவீதம் என்று கொண்டால், 6 பரப்புள்ள லென்ஸ் ஏறத்தாழ 73 சதவீத ஒளியைக் கடத்தும். 8 பரப்புள்ளது 66 சதவீதம். 10 பரப்புள்ளது 60 சதவீதம்.

இழந்த ஒளி வெளியேறிப் போய்விட்டால் படம் சற்று இருண்டிருக்கும், அவ்வளவுதான். அது முழுவதும் போவதில்லை. ஒரு பரப்பில் பட்டுத் திரும்பியது இன்னொரு பரப்பில் மோதி மறுபடியும் உள்ளே வருகிறது. இப்படிச் சுற்றிச் சிதறி பிலிமின் மேல் பரவலாக விழுகிறது. வெளிச்சமான இடங்களில் இது தெரியாது. நிழலில்தான் தெரியும்: கருமையாக இருக்க வேண்டிய இடம் சாம்பல் நிறமாக வெளுக்கிறது. சூரியனோ விளக்கோ சட்டத்துக்குள் வந்தால், அல்லது விளிம்பருகே நின்றால், படம் முழுவதும் மெல்லிய புகை படிந்ததுபோல் ஆகிவிடும். பழைய படத்தின் ‘மென்மை’ என்று பலரும் குறிப்பிடுவதில் பெரும்பங்கு இந்தச் சிதறிய ஒளியே. கூர்மைக் குறைவு என்பது வேறு விஷயம்.

இரண்டாம் உலகப் போரின் புகைப்படக்காரர்கள் கையில் இருந்த லென்ஸ்களின் வேறுபாட்டை இந்தக் கணக்கைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். ஜெய்ஸ் நிறுவனத்துக்காக லுட்விக் பெர்டெலே வடிவமைத்து, 1932இல் காண்டாக்ஸ் கேமராவுடன் சந்தைக்கு வந்த 5 செ.மீ. சோனார் லென்ஸில், எஃப்/1.5 அளவுள்ள வகைக்கு 7 வில்லைகள். ஆனால் அவை மூன்றே தொகுதிகளாக ஒட்டப்பட்டிருந்தன. காற்றைத் தொட்டவை 6 பரப்புகள் மட்டுமே. அதே கால லைட்ஸ் நிறுவனத்தின் சும்மார், எஃப்/2 அளவுள்ளது, 6 வில்லை, 4 தொகுதி, 8 பரப்பு. வில்லைகளை ஒட்டி ஒட்டிச் செய்வது கடினமான வேலை, செலவும் அதிகம். பூச்சு இல்லாத காலத்தில் அந்தச் செலவுக்குப் பலன் இருந்தது: எதிர்வெயிலிலும் சோனாரின் நிழல்கள் நிழலாகவே நின்றன. ஆகவே ‘போர்க்கால லென்ஸ்’ என்று ஒரே பண்புடைய ஒரு பொருள் இல்லை. 1936இல் காண்டாக்ஸ் வைத்திருந்தவருக்கும் லைட்ஸின் லைக்கா வைத்திருந்தவருக்கும் ஒரே காட்சி வெவ்வேறாகப் பதிந்திருக்கும்.

பூச்சின் வரலாறும் நேர்கோட்டில் செல்வதில்லை. 1892இல் ஆங்கிலேய லென்ஸ் வடிவமைப்பாளர் ஹரால்ட் டென்னிஸ் டெய்லர், காலத்தால் நிறம் மங்கிக் கறைபடிந்த லென்ஸ் புதிய லென்ஸைவிடக் கூடுதல் ஒளியைக் கடத்துவதைக் கவனித்தார். பழுது என்று ஒதுக்கப்பட்டது உண்மையில் மேம்பாடாக இருந்தது. ஆனால் அதை ஒரே சீராகச் செய்யும் வழி அப்போது கைகூடவில்லை. 1935இல் ஜெய்ஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா வெற்றிடத்தில் மெல்லிய படலத்தை ஆவியாகப் படிய வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அது முதலில் ராணுவ ரகசியமாகவே காக்கப்பட்டது. போர்க்காலத்திலேயே சில ஜெய்ஸ் லென்ஸ்களில் சிவப்பு ‘டி’ எழுத்து பொறிக்கப்பட்டு வந்தது. அது பூச்சிட்டதற்கான அடையாளம். போருக்குப் பின் பெரும்பாலான நிறுவனங்கள் பூச்சிட்டே விற்றன; பழைய லென்ஸைக் கொண்டுபோய்ப் பூச்சிட்டு வாங்கியவர்களும் உண்டு. எனவே ஆண்டைப் பார்த்து மட்டும் லென்ஸ் வாங்கினால் ஏமாற வாய்ப்புண்டு. முன் வில்லையில் ஒரு விளக்கைப் பிரதிபலிக்க வைத்துப் பார்த்தால் விடை தெரியும்: பிம்பம் நிறமின்றி வெண்மையாகத் தெரிந்தால் பூச்சு இல்லை, நீலமோ ஊதாவோ கலந்திருந்தால் பூச்சு உண்டு.

ஈரத் தகட்டின் காலம்

போர்ப் புகைப்படம் என்ற துறை 1855இல் கிரீமியாவில் நிலைபெற்றது. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ரோஜர் ஃபென்டன் ஒரு மது வணிகரின் குதிரை வண்டியை இருட்டறையாக மாற்றிக்கொண்டு, மார்க்கஸ் ஸ்பார்லிங் என்ற உதவியாளருடன் போய்ச் சேர்ந்தார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையை ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவி முடிக்க வேண்டிய முறை அது. கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 10 நிமிடம்; கிரீமியாவின் கோடையில் அதுவும் இல்லை. தகட்டின் உணர்திறன் இன்றைய ஐ.எஸ்.ஓ. கணக்கில் 1க்கு அருகில். நல்ல வெயிலிலும் சில நொடிகள் மூடியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதனால்தான் கிரீமியப் படங்களில் போர் இல்லை; முகாம், துறைமுகம், அசையாது நின்ற அதிகாரிகள், குண்டுகள் உருண்டு கிடக்கும் வெற்றுப் பள்ளத்தாக்கு ஆகியவைதான் இருக்கின்றன.

இந்தக் காலத்தை மீட்டெடுக்க முயல்வோர் அதிகம் தவறுவது லென்ஸ் தேர்வில்தான். 1840இல் வியன்னாவில் யோசெஃப் பெட்ஸ்வல் கணக்கிட்டு, ஃபோய்க்ட்லெண்டர் செய்து விற்ற லென்ஸ் 19ஆம் நூற்றாண்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. எஃப்/3.6 அளவுள்ள அது, அதற்கு முந்தைய லென்ஸ்களைவிடப் பல மடங்கு வெளிச்சமானது. படத்தின் நடுவில் கூர்மை, ஓரத்தில் குவியம் தப்பிச் சுழல்வதுபோன்ற மங்கல் ஆகியவை அதன் பண்புகள். 2013இல் லோமோகிராஃபி நிறுவனம் இன்றைய கேமராக்களுக்கேற்ப அதைப் புதிதாகச் செய்து விற்றபோது, இந்தச் சுழலே விற்பனைச் சரக்கானது. ஆனால் பெட்ஸ்வல் லென்ஸ் நிழற்பட நிலையத்தில் முகங்களை எடுக்கப் பிறந்தது. போர்க்களத்து வெளிக்காட்சிகளுக்குப் பயன்பட்டவை சிறு துளையுள்ள நிலக்காட்சி லென்ஸ்களும், அகலமான காட்சியை வளைவின்றித் தந்த அமெரிக்காவின் ஹாரிசன் ‘குளோப்’ போன்றவையுமே.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் சண்டை நடந்தது. அடுத்த சில நாட்களில் புகைப்படக்காரர் அலெக்சாண்டர் கார்ட்னர் அங்கு எடுத்த படங்களில் பெரும்பாலானவை, இரண்டு லென்ஸ் பொருத்திய இரட்டைப் படக் கேமராவில் எடுத்தவை. அந்த அக்டோபரில் மேத்யூ பிரேடியின் நியூயார்க் காட்சிக்கூடத்தில் அவற்றைப் பார்த்த மக்கள், போரில் இறந்தவர்களை முதன்முறையாகப் புகைப்படத்தில் கண்டார்கள். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் இந்தத் தகடுகளை வருடி வெளியிட்டிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் வேலியின் மரச்சிராய், சட்டைப் பொத்தான், புல்லின் தாள் வரை ஓரத்திலிருந்து ஓரம் தெளிவாகத் தெரிகின்றன. தகட்டில் மணித்துகள் என்று சொல்லத்தக்க ஒன்று கண்ணுக்குப் புலப்படுவதேயில்லை. மங்கலும் சுழலும் இவற்றில் இல்லை. பழைய படம் என்றால் தெளிவற்றது என்ற எண்ணம், மூன்றாம் தலைமுறைப் பிரதிகளைப் பார்த்துப் பழகியதால் வந்தது.

அந்தப் படங்களுக்கு அவற்றின் காலத்தைக் கொடுப்பது லென்ஸைவிடத் தகடே. கொலோடியனுக்கு நீலமும் புற ஊதாவும் மட்டுமே தெரியும். சிவப்பும் மஞ்சளும் கருப்பாகிவிடும். நீல வானம் வெறும் வெள்ளையாகும். வெயிலில் காய்ந்த முகம் உண்மையைவிட இருண்டு, தோலின் ஒவ்வொரு புள்ளியும் எழுந்து நிற்கும். நீலக் கண்கள் கிட்டத்தட்ட வெளுத்துவிடும். வெறுமையான வானம் அக்காலத்தவருக்கே பிடிக்கவில்லை. பின்னர் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்த லினேயஸ் ட்ரைப், 1855இல் பர்மாவில் எடுத்த காகித நெகட்டிவ்களில் வண்ணம் தீட்டியே மேகங்களை உண்டாக்கினார். அந்தக் காகிதத்துக்கும் இதே குறை இருந்தது. இத்தகைய தகடுகளுக்காகவே அக்கால லென்ஸ்களின் நிறப் பிழையும் நீலத்தின் பக்கம் சாய்த்துத் திருத்தப்பட்டது. திருத்தாத லென்ஸில், கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்த இடம் ஒன்றாகவும் தகட்டில் கூர்மை விழுந்த இடம் வேறாகவும் இருக்கும்; அந்த வேறுபாட்டைக் கணித்து லென்ஸை நகர்த்துவது புகைப்படக்காரரின் வேலை. பல வில்லைகளும் பல அடுக்குப் பூச்சும் கொண்ட இன்றைய லென்ஸ் புற ஊதாவைப் பெரிதும் தடுத்துவிடுவதால், ஈரத் தகட்டில் அது மந்தமாகவே வேலை செய்யும். இந்த ஒரு காரணத்துக்காகப் பழைய லென்ஸ் இங்கே அவசியம், மற்றபடி அலங்காரம்.

டிஜிட்டல் கேமராவில் பெட்ஸ்வலை மாட்டிக் கருப்பு வெள்ளையாக்குவது அமெரிக்க உள்நாட்டுப் போரின் படத்தைத் தராது. ஆழ்ந்த நீல வடிகட்டியை லென்ஸின் முன் வைத்தால் ஓரளவு நெருங்கலாம். முழுமையாக வேண்டுவோர் கொலோடியனுக்கே திரும்பியிருக்கிறார்கள். 2013இல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் பணியாற்றிய அமெரிக்க விமானப்படை வீரர் எட் ட்ரூ, உடன் பணியாற்றிய ஹெலிகாப்டர் மீட்புக் குழுவினரை ஈரத் தகட்டில், உலோகத்தின் மேல் படமெடுத்தார். அவர் போரைத் திரும்ப நடிக்க வைக்கவில்லை. நடந்துகொண்டிருந்த போரில் இருந்தவர்களையே, நொடிக்கணக்கில் அசையாமல் உட்கார வைத்தார். அந்த முகங்களில் தெரியும் இறுக்கம் 1862ஆம் ஆண்டு முகங்களிலும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே, நீண்ட நேரம் திறந்திருந்த லென்ஸ். புகைப்படக் கலைஞர் சாலி மான் வேறு வழியில் போனார். ஆன்டீட்டம் முதலான போர்க்களங்களில் ஆளற்ற நிலத்தை மட்டும் எடுத்தார். பழுதான லென்ஸ்களைத் தேடிப் பிடித்தார். தகட்டில் விழுந்த கீறலையும் தூசியையும் விரும்பி ஏற்றார். அவை ஆழமான படங்கள். ஆனால் அவற்றில் இருப்பது நினைவின் தோற்றம். கார்ட்னர் இதே பழுதுகளைத் தன் தகட்டில் கண்டிருந்தால் அதைச் சுரண்டி எறிந்துவிட்டு வேறொன்றை எடுத்திருப்பார்.

சட்டைப்பையில் கேமரா

முதல் உலகப் போரில் கேமரா சிப்பாயின் கைக்கு வந்தது. 1912இல் வெளியான வெஸ்ட் பாக்கெட் கோடாக் மடித்தால் சீருடைப் பைக்குள் அடங்கும். கோடாக் அதைச் சிப்பாயின் கேமரா என்றே விளம்பரம் செய்தது. 1915க்குள் பிரிட்டிஷ் ராணுவம் மேற்கு முனையில் சொந்தக் கேமராவுக்குத் தடை விதித்த பிறகும் பலர் ஒளித்து வைத்திருந்தார்கள். அதன் எளிய வகையில் இருந்தது ஒட்டிய இரண்டு வில்லைகள் மட்டுமே. குவியம் மாற்ற முடியாது. ஷட்டரில் 1/25, 1/50 நொடி என இரண்டே வேகங்கள். காற்றைத் தொடும் பரப்பு இரண்டு என்பதால் பூச்சில்லாமலும் அதன் கருமை ஆழமாகவே இருந்தது.

இந்தச் சிறு லென்ஸுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதன் முன்னால் துளையைச் சுருக்கும் ஒரு வளையம் இருக்கும். அதைக் கழற்றினால் லென்ஸ் முழு அளவுக்குத் திறந்து, காட்சியின் மேல் ஒரு ஒளிமூட்டம் படரும். ஜப்பானில் கலைப்படம் எடுத்தோர் இந்த உத்தியை விரும்பிக் கையாண்டனர். இன்றும் அந்த லென்ஸைக் கழற்றி டிஜிட்டல் கேமராவில் பொருத்துவோர் பெரும்பாலும் வளையத்தை நீக்கியே பயன்படுத்துகிறார்கள். பதுங்குகுழியில் இருந்த சிப்பாய் அதை நீக்கவில்லை. வளையத்தோடு, ஏறத்தாழ எஃப்/11இல், கொஞ்சம் கைநடுக்கத்தோடு எடுத்த படமே அந்தப் போரின் படம்.

காண்டாக்ஸும் ஸ்பீட் கிராஃபிக்கும்

1944 ஜூன் 6 அன்று போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா நார்மண்டியின் ஓமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படையினருடன் இறங்கினார். காண்டாக்ஸ் கேமராவில் அவர் எடுத்தவற்றில் எஞ்சியதாகச் சொல்லப்படுபவை 11 படங்கள். ஜூன் 19 இதழில் லைஃப் அவற்றை வெளியிட்டது. லண்டன் இருட்டறையில் அவசரமாகக் காய வைத்தபோது பிலிம் உருகிப் பெரும்பகுதி போய்விட்டது என்பது நெடுநாள் நிலவிய கதை. ஏ. டி. கோல்மேன் முதலான ஆய்வாளர்கள், காப்பா அங்கு எடுத்ததே அவ்வளவுதான் என்று சான்றுகளோடு வாதிட்டிருக்கிறார்கள். எப்படியாயினும், அந்தப் படங்களின் நடுக்கமும் கலங்கலும் போர்ப்படத்தின் இலக்கணமாகவே பதிந்துவிட்டன.

அவை சோனாரின் பண்புகள் அல்ல. நல்ல வெளிச்சத்தில் சோனார் கூர்மையான லென்ஸ். காலை மங்கல் வெளிச்சம், போதாத ஷட்டர் வேகம், தண்ணீரில் நின்ற மனிதரின் நடுங்கும் கை, சிறு நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிட்டது ஆகியவை சேர்ந்து அந்தத் தோற்றத்தை உண்டாக்கின. அதை மீட்க விரும்புபவர் பழைய சோனாரைப் பெருவிலை கொடுத்து வாங்கி முக்காலியில் நிறுத்தி எடுத்தால், மிக அழகான, ஓமாஹாவோடு தொடர்பே இல்லாத படம் கிடைக்கும். எந்த லென்ஸாயினும் கையில் பிடித்து, நகர்ந்துகொண்டே, 1/25 நொடியில் எடுப்பது அதைவிட உண்மைக்கு அருகில் போகும்.

இதற்கு மறுகோடியில் நிற்பது புகைப்படச் செய்தியாளர் ஜோ ரோசன்தல் 1945 பிப்ரவரி 23 அன்று இவோ ஜிமாவின் சூரிபாச்சி மலையில் எடுத்த கொடியேற்றப் படம். ஸ்பீட் கிராஃபிக் கேமரா, 4க்கு 5 அங்குல பிலிம், 1/400 நொடி, எஃப்/8க்கும் 11க்கும் இடையே என்பது அவர் சொன்ன கணக்கு. நடுப்பகல் வெளிச்சம், பெரிய நெகட்டிவ், சுருக்கிய துளை. இந்த நிலையில் அன்றைய லென்ஸும் இன்றைய லென்ஸும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வேலை செய்யும். அந்தப் படத்தின் ‘பழமை’ வடிவத்திலும் அச்சிலும் இருக்கிறது, லென்ஸில் அல்ல. உலகம் முதலில் பார்த்தது குவாமிலிருந்து அலைவழி அனுப்பிப் பத்திரிகைப் புள்ளிகளாக அச்சான பிரதியைத்தான்.

ஸ்பீட் கிராஃபிக் இன்றும் விரும்பப்படுவதற்கு அதன் பின்பக்கத்தில் உள்ள திரை ஷட்டரே காரணம்; அதனால் ஷட்டர் இல்லாத லென்ஸையும் அதில் பொருத்தலாம். அப்படிப் பொருத்தப்படுவதில் புகழ்பெற்றது கோடாக்கின் ஏரோ எக்டர், 7 அங்குலக் குவியத் தொலைவும் எஃப்/2.5 அளவும் உடையது. போர் விமானங்களிலிருந்து இரவில் தரையைப் படமெடுக்கச் செய்தது. அதன் கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதால் காலப்போக்கில் தேநீர் நிறமாகப் பழுத்துவிடும். சில வாரம் புற ஊதா ஒளியில் வைத்தால் வெளுக்கும். புகைப்படச் செய்தியாளர் டேவிட் பர்னெட் இந்தச் சேர்க்கையோடு அமெரிக்கத் தேர்தல் களங்களையும் ஒலிம்பிக் மைதானங்களையும் எடுத்த படங்கள் பலரை இதன் பக்கம் இழுத்தன. மிக மெல்லிய குவிய ஆழமும் சட்டென்று கரையும் பின்னணியும் கண்ணைக் கவர்பவை. ஆனால் போரில் இந்த லென்ஸ் பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்த்தது. அந்த உயரத்தில் கரையும் பின்னணி என்று ஒன்று இல்லை. ஏரோ எக்டரில் எடுத்த மென்மையான சிப்பாய் முகத்தை ‘1943ஆம் ஆண்டுத் தோற்றம்’ என்று விற்பது பொருந்தாது.

திரைப்படத்தின் வழி

திரைப்பட ஒளிப்பதிவில் இந்தச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது 1998இல் வெளிவந்த ‘சேவிங் பிரைவேட் ரயன்’. ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி போர்க்கால லென்ஸ்களைத் தேடவில்லை. தன் லென்ஸ்களிலிருந்து பூச்சைச் சுரண்டி எடுக்கச் செய்தார். வெளிச்சம் சிதறியது, கருமை வெளுத்தது, நிறம் மங்கியது. பிலிமைப் பதப்படுத்தும்போது வெள்ளியின் ஒரு பகுதியை விட்டுவைக்கும் முறையால் நிறம் மேலும் வடிந்தது. ஓமாஹா கடற்கரைக் காட்சிகளுக்கு ஷட்டரின் திறப்புக் கோணத்தை வழக்கமான 180 பாகையிலிருந்து 90க்கும் 45க்கும் குறைத்தார். நொடிக்கு 24 சட்டம் ஓடும் கேமராவில் 180 பாகை என்பது 1/48 நொடி. 45 பாகை 1/192 நொடி. அசைவின் இழுபடல் மறைந்து, தெறிக்கும் மணல் ஒவ்வொரு துகளாக நின்றது. ஓட்டம் வெட்டுப்பட்டதுபோல் ஆனது.

இயக்குநர் ஸ்பீல்பெர்க் காப்பாவின் படங்களை முன்னோடியாகச் சொன்னார். கவனித்தால் இரண்டும் எதிரெதிர்: காப்பாவின் படம் நீண்ட திறப்பில் கலங்கியது, கமின்ஸ்கியின் படம் குறுகிய திறப்பில் தெறித்தது. ஆனாலும் பார்ப்பவர் இரண்டையும் ஒரே அச்சமாகவே உணர்ந்தார். இங்கே மீட்டெடுக்கப்பட்டது தோற்றம் அல்ல, அதன் விளைவு. ஒரு கலைஞருக்கு அந்த உரிமை உண்டு. ஆவணத்தை மீட்பவருக்கு இல்லை.

பொருத்துவதும் பார்த்து வாங்குவதும்

பழைய லென்ஸ் இன்றைய கேமராவில் நிற்குமா என்பதை லென்ஸின் பொருத்து வளையத்துக்கும் பிலிமுக்கும் இடையிலான தொலைவு தீர்மானிக்கிறது. லைக்காவின் திருகு வளையத்துக்கு அது 28.8 மி.மீ. ஒளியைத் திருப்பும் ஆடி உள்ள நிக்கான் கேமராக்களில் 46.5 மி.மீ. அவ்வளவு தள்ளி வைத்தால் பழைய லென்ஸ் தொலைவைக் குவிக்காது. பக்கத்தில் உள்ளதை மட்டுமே காட்டும். ஆடி நீக்கிய கேமராக்கள் வந்த பிறகே இந்த வழி அகலத் திறந்தது. சோனியின் வளையத்துக்குத் தொலைவு 18 மி.மீ. மட்டுமே, இடையில் இணைப்பு வளையத்துக்கு நிறைய இடம்.

காண்டாக்ஸ் சோனார் இதிலும் தனி ரகம். அதன் 5 செ.மீ. லென்ஸைக் கையில் எடுத்தால் துளையைத் திருப்பும் வளையம் இருக்கும், குவியத்தைத் திருப்பும் வளையம் இருக்காது. குவியத் திருகு கேமரா உடலிலேயே இருந்தது. மேல்தட்டின் ஓரத்தில் இருந்த சிறு பற்சக்கரத்தை விரல்நுனியால் உருட்டினால் லென்ஸ் முழுவதும் சுழன்று முன்னே வரும். எனவே வெறும் இணைப்பு வளையம் போதாது. திருகோடு கூடிய வளையம் வேண்டும். வாங்கிய பிறகே இதை அறிந்து திகைப்பவர்கள் உண்டு. விலை ஒரு தடை என்றால், போருக்குப் பின் சோவியத் நாட்டில் ஜெய்ஸ் வடிவமைப்பிலேயே செய்யப்பட்ட ஜூபிடர்-3, ஜூபிடர்-8 லென்ஸ்கள் நல்ல மாற்று. அவை பெரும்பாலும் பூச்சிட்டவை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: சோனார் வகை லென்ஸில் துளையைச் சுருக்கும்போது கூர்மை விழும் இடம் சற்றுப் பின்னே நகரும். திறந்த துளையில் குவித்துவிட்டுச் சுருக்கி எடுத்தால் கண்ணைக் குவித்த இடத்தில் காது கூர்மையாகும்.

லென்ஸின் உடல்நிலை இவை எல்லாவற்றையும்விட முக்கியம். இருட்டறையில் லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் பார்த்தால் 80 ஆண்டின் கதை தெரியும்: உயவு எண்ணெய் ஆவியாகிப் படிந்த மூட்டம், வேர்விட்டுப் பரவிய பூஞ்சை, ஒட்டுப் பிசின் மஞ்சளித்த வளையம், துடைத்துத் துடைத்து விழுந்த மெல்லிய கீறல்கள். சும்மாரின் முன் வில்லை மென்மையான கண்ணாடி என்பதால் கீறலற்ற ஒன்று கிடைப்பது அரிது. இப்படிப்பட்ட லென்ஸில் எடுத்த வெளிறிய படத்தைப் பார்த்து ‘இதுதான் அந்தக் காலம்’ என்று நம்புவது பெரும் பிழை. 1940இல் அந்த லென்ஸ் புதிது, கண்ணாடி தெளிவு. பழைய லென்ஸைப் பயன்படுத்துமுன் தகுந்த ஆளிடம் கொடுத்துத் துப்புரவு செய்வதே அந்தக் காலத்துக்குச் செய்யும் நியாயம்.

பிலிம் விஷயத்தில் இன்று சில வழிகள் எஞ்சியுள்ளன. 1959இல் அறிமுகமான ஈஸ்ட்மேன் டபுள்-எக்ஸ் என்ற கருப்பு வெள்ளைத் திரைப்பட பிலிம், போர்க்காலக் கோடாக் பிலிமின் சாயலுக்கு ஓரளவு அருகில் வரும். சிவப்பை உணராத பிலிம் வேண்டுவோருக்கு 2019இல் இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸை 35 மி.மீ. அளவிலும் வெளியிட்டது. லென்ஸுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை பிலிமுக்கும் அச்சுத்தாளுக்கும் ஒதுக்கினால் படம் இரு மடங்கு நெருங்கி வரும்.

நடித்த படமும் நடந்த படமும்

போர்ப்படத்தில் நடிப்பும் திருத்தமும் இன்று வந்தவை அல்ல. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் கார்ட்னர் குழுவினர் எடுத்த, பாறைத் தடுப்பின் பின்னே கிடக்கும் தென்படைச் சிப்பாயின் புகழ்பெற்ற படத்தில், உடல் வேறிடத்திலிருந்து தூக்கி வந்து கிடத்தப்பட்டது என்பதை ஆய்வாளர் வில்லியம் ஃப்ராசனிட்டோ பாறை பாறையாக ஒப்பிட்டு 1970களில் நிறுவினார். அவர் போர்க்களத்துக்குச் சென்று பழைய கேமரா நின்ற இடங்களையே கண்டுபிடித்து மீண்டும் படமெடுத்தார். மீட்டெடுப்பின் மிகப் பயனுள்ள வடிவம் அது. 1917இல் புகைப்படக்காரர் ஃப்ராங்க் ஹர்லி பல நெகட்டிவ்களை ஒட்டி ஒரே போர்க்காட்சியாக்கினார். ஆஸ்திரேலியப் போர் வரலாற்றாசிரியர் சார்லஸ் பீன் அதைப் போலி என்று கடுமையாக எதிர்த்தார். 1945 மே 2 அன்று சோவியத் புகைப்படக்காரர் யெவ்கெனி கால்தெய் பெர்லின் ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் எடுத்த கொடிப் படத்தில் புகை பின்னர் சேர்க்கப்பட்டது. சிப்பாயின் கையில் இருந்த இரண்டாவது கடிகாரம் நெகட்டிவில் சுரண்டப்பட்டது.

இவற்றைப் பிற்காலத்தவர் சரிபார்க்க முடிந்ததற்குக் காரணம், நெகட்டிவ்களும் தகடுகளும் எஞ்சியிருந்ததே. அந்தக் காலத்து லென்ஸ், பிலிம், தாள், சீருடை ஆகிய அனைத்தையும் கவனமாகச் சேர்த்து இன்று எடுக்கும் படத்துக்கு எதிராக அப்படிப்பட்ட சான்று எதுவும் நிற்காது. வேலை எவ்வளவு சிறப்போ அவ்வளவுக்கு அது ஆவணக் காப்பகத்துக்குள் தவறாக நுழையும் வாய்ப்பும் பெருகுகிறது. படத்தின் பின்புறத்தில் எழுதிய குறிப்பு வருடும்போது காணாமல் போகும். கோப்புக்குள் பதித்த விவரம் பகிரும்போது அழிந்துவிடும். ஆகவே இத்தகைய படமெடுப்போர், எடுத்த ஆண்டையும் ‘மீட்டுருவாக்கம்’ என்ற சொல்லையும் படத்தின் முன்பக்க ஓரத்திலேயே, நெகட்டிவிலோ தகட்டிலோ பொறித்துவிட வேண்டும்.